ஊதா நெயில் பாலிஷ்

நிவாவைக் கட்டி இழுத்துவந்தது ஒரு பால் லாரி.
கியூம்ரியில் அன்று மைனஸ் இருபத்திரண்டு.
ஸ்பானரை வெறுங்கையால் தொட்டால்
தோல் அதோடு போய்விடும்.
"மூணு சிலிண்டர்லதான் ஓடுது" என்றாள் சோவினார்,
அஷோட்ஸ்க் மலைப்பக்கத்து மருத்துவச்சி,
தோள்பையை இறக்காமலே.

ஒன்று, இரண்டு, நான்கு கழன்று வந்தன,
முனையில் கரி, கொஞ்சம் காவி.
மூன்றாவது அசையவில்லை.

பலம் வேண்டாம். பலம்தான் இங்கே எதிரி.
பிளக் இரும்பு, ஹெட் அலுமினியம்.
வருஷக்கணக்கில் ஒன்றையொன்று தின்று
ஒரே உலோகம் என்று நினைத்துக்கொண்டுவிட்டன.
மண்ணெண்ணெயில் பிரேக் ஆயில் கலந்து
அடியில் சொட்டுச் சொட்டாக விட்டேன்.
ஹீட்டரை எனக்கில்லாமல்
என்ஜினுக்குத் திருப்பி வைத்தேன்.
ஒரு மணி நேரம்.
சோவினார் கறுப்புத் தேநீர் குடித்தாள்,
இரண்டு முறை போனில் யாருக்கோ சொன்னாள்:
"மூச்சு விடு. இன்னும் நேரமிருக்கு."

பிறகு அரைக்கால் சுற்று இந்தப்பக்கம்,
அரைக்கால் சுற்று அந்தப்பக்கம்.
கிறீச்சென்று கத்தியது.
கத்துகிற வரை கவலையில்லை.
திடீரென்று வெண்ணெயில் சுற்றுவதுபோல் சுற்றியது.
அப்போதே தெரிந்துவிட்டது.

வெளியே வந்த பிளக்கைச் சுற்றி
வெள்ளிக் கம்பிபோல் ஒரு சுருள்:
ஹெட்டின் மரை முழுவதும்.
துளைக்குள் விரலை விட்டேன், வழவழவென்றிருந்தது.

"யார் இப்படி முறுக்கினது?"
"எவனோ ஒரு மடையன்" என்றேன்.
துணியால் பிளக்கைத் துடைத்தேன்.
ஆறு பட்டையில் ஒரு பட்டையில்
பழுப்பேறிய ஊதாப் புள்ளி.

ஹேகினே போனபோது மறந்துவிட்டுப் போனது
ஒரு பாட்டில் நெயில் பாலிஷ்.
முறுக்கி முடித்த பிளக்குகளில் எல்லாம்
அடையாளத்துக்கு ஒரு பொட்டு வைத்தேன்,
பாட்டில் காயும்வரை.
ஒரு குளிர்காலம் வந்தது அது.
மரை கழன்றவன் என்று தெருவே என்னைச் சொன்ன குளிர்காலம்.
அப்போது கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும்
கொஞ்சம் கூடவே இறுக்கினேன்.

ஒன்றும் பேசாமல் வேலையைப் பார்த்தேன்.
டாப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பினேன்,
சீவல் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ள.
காந்தம் அலுமினியத்தை எடுக்காது,
விழுந்தால் விழுந்ததுதான்.
ஒரு சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே,
வெளியே எடுத்துத் துடை, மறுபடி கிரீஸ்.
அப்படியும் இரண்டு துணுக்கு விழுந்தன.
மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்தேன்.
புது மரைச்சுருளை உள்ளே இறக்கினேன்,
அதன் வாலை ஒடித்து, ஒடிந்த வாலை எண்ணினேன்:
ஒன்று. கையில் இருக்கிறது. நல்லது.

புது பிளக்கை ரப்பர் குழாய்த் துண்டில் செருகி
விரலால் மட்டும் சுற்றினேன்.
கோணலாகப் போனால் ரப்பர் வழுக்கிவிடும்,
என் கைக்கு இல்லாத புத்தி அதற்கு உண்டு.
கடைசியில் டார்க் ரெஞ்ச். ஒரு 'டிக்'.
நிறுத்தினேன். நிறுத்த வருகிறது இப்போது.

"அந்த மடையன் நான்தான்" என்றேன்.
சோவினார் பையிலிருந்து
பிரசவம் எழுதும் நோட்டை எடுத்தாள், பின்பக்கம் புரட்டினாள்:
பிப்ரவரி பதினொன்று. நாலு பிளக். வார்ட்கெஸ்.
மூணாவதில் கையைக் கிழித்துக்கொண்டான்.
"அன்னைக்கே சொல்லக்கூடாதா?"
"சொல்லியிருந்தா மத்த மூணையும்
அப்படியே முறுக்கியிருப்பே."

வண்டி இருமியது, பிறகு நான்கிலும் பேசியது.
காசு வேண்டாமென்றேன். சுருளுக்கு மட்டும் கொடுத்தாள்,
கூலியைப் பிடித்துக்கொண்டாள். நியாயம்தான்.
அவள் திரும்பும் முனையில் போன் மறுபடி அடித்தது.

கதவைச் சாத்தப் போனேன்.
பால் லாரிக்கார ஆர்ஷாக் இன்னும் நிற்கிறான்.
அவன் வண்டியிலும்
ஏதோ சத்தமாம்.